கழிமுகமும் மீன்வளமும்

மீன்களை எண்ணி முடித்த பின்னரே கழிமுகத்தைக் காப்போம் என்று காத்திருப்போமாகில், எண்ணி முடிப்பதற்குள் கழிமுகமே இல்லாமற் போய்விடும். சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலிற் கலக்கும் எண்ணூரின் நிலைமை இதற்குப் போதிய எச்சரிக்கையாகும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் அங்கே பல்லாண்டுகளாகக் கழியிற் படிந்தது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், புயலையடுத்த வெள்ளத்தோடு வந்த எண்ணெய் நீர்ப்பரப்பிலும் அலையாத்திச் செடிகளிலும் படர்ந்தது. நஷ்டம் நேர்ந்த பிறகு, இங்கே முன்பு என்னென்ன மீன்கள் இருந்தன என்று விசாரிப்பதால் யாது பயன்?

மீனை எண்ணுவது எளிதன்று. கடல்நீர் ஏறும்போது உள்ளே வருவது ஒரு கூட்டம். மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகும்போது தோன்றுவது வேறொரு கூட்டம். ஒரு வலையில் விழுவது மற்றொரு வலையில் விழாது. ஒவ்வொரு கழிமுகத்தையும் இவ்வாறு முற்றும் ஆராய்வதற்குப் பணமும் காலமும் ஏராளமாக வேண்டும்.

ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு வழியையும் கைக்கொள்ளுகின்றனர். மீன்களை எண்ணுமுன், அவை குடியிருக்கும் இடங்களை அளவிடுவதே அவ்வழி. கிழங்கான் மணற்பாங்கை நாடும். மடவை சேற்றின் மேற்பரப்பில் மேயும். ஓரா கடற்புல்லைத் தின்னும். கொடுவா அலையாத்தி வேர்களிடையே இரை தேடும். எத்தனை வகை வாசஸ்தலங்கள் உள்ளன, அவற்றின் பரப்பு என்ன, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் உள்ளன என்பவை தெரிந்தால், அங்கு வாழக்கூடிய மீனினங்களை ஒருவாறு மதிப்பிடலாம். அலையாத்தியையும் சேற்றுவெளியையும் விண்ணிலிருந்து எடுக்கும் படங்களைக்கொண்டே வரைந்துவிடலாம்; கலங்கல் நீரின் அடியிலுள்ள புல்லைப் படகிற் சென்று பார்த்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் கழிமுகங்களிலும் விரிகுடாக்களிலும் இம்முறை பரிசீலிக்கப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். மரம் அடர்ந்த பகுதியை மட்டும் காத்துவிட்டு, வெறுஞ் சேறுதானே என்று மற்றதைத் தூர்ப்பது பேதைமையாகும். மடவை கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகளே கழிக்குள் வந்து வளர்கின்றன. முகத்துவாரம் அடைபடுமாயின் உள்ளேயுள்ள வாசஸ்தலம் எவ்வளவு செழிப்பாயினும் குஞ்சுகளுக்கு வழியில்லை.

படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. நீரிற் கலந்த நஞ்சு அதிற் புலப்படாது. ஆகையால் சிற்சில இடங்களிலேனும் வலைவீசி மதிப்பீட்டைச் சோதித்தல் அவசியம். அத்துடன், எந்தத் துறையில் எப்பருவத்தில் எம்மீன் படும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்துள்ள மீனவரின் சாட்சியத்தையும் கேட்டல் வேண்டும்.

2019-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, அலையாத்திக் காடு, உயிர்ச்செறிவுள்ள சேற்றுவெளி, உவர்ச் சதுப்பு, கடற்புல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாதுகாப்புக்குரியனவாக வகுத்திருக்கிறது. சட்டம் பேசுவது வாசஸ்தலங்களைப் பற்றியே. ஆனால் படத்தில் இடம்பெறாத சேற்றுவெளி சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாது. ஆதலின் கழியோரத்தில் எந்தத் தொழிற்சாலைக்கும் துறைமுகத்திற்கும் இடம் வகுக்குமுன், வாசஸ்தலப் படம் தமிழிலே அச்சாகி மீனவர் கைக்கு வரவேண்டும். பொதுநலத்தில் ஊக்கமுள்ளோர் அப்படத்தைக் கையிலேந்திக் கரையோரம் நடந்து, உள்ளது விடுபட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பார்களாக. பிழையைத் தாளில் திருத்துவது எளிது. தூர்ந்த கழியைத் தோண்டி மீட்பது எளிதன்று.