சிறுநீரக நோயாளிக்குக் கறி ஆகுமா?

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தோழரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு காலத்தில் செம்பனைக் குலை வெட்டிச் சுமந்தவர். இப்போது வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. வாசற்படி ஏறவே ஆள் பிடிக்கவேண்டியிருக்கிறது. அன்று வீட்டில் மாட்டிறைச்சிக் குழம்பு. எல்லோருக்கும் கறி, அவருக்கு மட்டும் ரசமும் சோறும்.

"கறியக் குறைக்கணும்னு டாக்டரு சொன்னாருங்கண்ணே, அதான் அடியோட நிறுத்திட்டோம்" என்றார் அவர் மனைவி. எப்போது சொன்னார் என்று கேட்டேன். மூன்று வருஷம் ஆச்சாம். அதாவது, இயந்திரத்தில் படுப்பதற்கு முன்னால் சொன்னது!

தோழர்களே, இங்கேதான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள். கறியில் இருப்பது புரதம். அது உடம்பில் செலவான பின் மிஞ்சும் கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றவேண்டும். பழுதான சிறுநீரகத்துக்கு அது சுமை. ஆகவே முதலில் குறைக்கச் சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 36 முதல் 48 கிராம் புரதம் போதும். ஆனால் சுத்திகரிப்பு தொடங்கிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. இயந்திரம் கழிவோடு சேர்த்துப் புரதச் சத்திலும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்கிறது. அதே ஆளுக்கு இப்போது 60 முதல் 72 கிராம் வேண்டும். கொடுக்காவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னும்.

தீப்பெட்டி அளவு வெந்த கறி, ஏறக்குறைய 30 கிராம், 7 கிராம் புரதம் தரும். சோறு, பருப்பு, மீன், முட்டையில் இருப்பதும் இதே கணக்கில்தான் சேரும். (மாடு தொடாத வீட்டார் இதை ஆட்டுக்கறி என்று படித்துக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.)

அதற்காகச் சட்டியோடு இறங்கிவிடாதீர்கள். கொழுப்பில்லாத சதைக்கறியாக வாங்குங்கள். ஈரல் வேண்டாம், அதில் பாஸ்பரஸ் அதிகம். டின் கறி, சாசேஜ், பர்கர் அதைவிட மோசம். அவற்றில் போடும் பாஸ்பேட் உப்பு ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேர்ந்து அரிப்பைக் கொடுக்கும், எலும்பையும் கெடுக்கும். கிச்சாப்பையும் உப்பையும் குறைத்து இஞ்சி, பூண்டு, மிளகு போட்டுச் சமைக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்கள் கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிப்பது நல்லது. குழம்பு, சூப்பில் பொட்டாசியம் இறங்கியிருக்கும், அது எல்லை மீறினால் இதயமே நின்றுபோகும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியமே கலந்திருக்கும், தொடவேண்டாம். பாஸ்பரஸ் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்கவேண்டும். பலர் மறந்துபோய்ப் படுக்கும்போது போடுகிறார்கள்.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். அரசு மருத்துவமனையில் உணவியல் அதிகாரி இருக்கிறார். இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுபோய், சமைக்கிறவரையும் கூட்டிப்போய்க் கேளுங்கள். சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளி, தகுதி இருந்தால் சுத்திகரிப்புச் செலவுக்கும் அங்கே மனுச் செய்யலாம்.

நம் தோழரின் மனைவி மறுவாரமே போய்க் கேட்டுவந்தார். இப்போது அவர் தட்டிலும் கறி விழுகிறது, எண்ணித்தான். எலும்பு சூப்புக்கு மட்டும் இன்னும் தினமும் சண்டையாம்.