உங்களுக்குத் தெரியுமா? கிளுவை வேலியில் ஏறிய கொடி எது?

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் நாலு தூறல் விழுந்தால் போதும், கிளுவை வேலி மேலே வகைவகையாய்க் கொடிகள் ஏறிவிடும். பற்றுக்கம்பி எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். இலைக்கு நேர் எதிரே என்றால் பிரண்டை. பூக்காம்பில் என்றால் முடக்கத்தான். இலைக்கக்கத்தில் என்றால் சிறுபூனைக்காலி. இலைக்காம்புக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்றால் வெள்ளரிக் குடும்பம்.

அந்தக் கம்பியின் சுருள் பாதிவரை ஒரு பக்கமாகவும், மீதி எதிர்ப்பக்கமாகவும் முறுக்கியிருக்கும். இரு முனையும் கட்டுண்ட பிறகு சுருள வேறு வழியில்லை. டார்வின் 1865இலேயே இதை எழுதிவிட்டார்.

வேலி முழுக்க வெள்ளைப் பூ, ஒரு காய்கூட இல்லையா? அது ஆண் கோவை. கோவையில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடி. நமக்கு இருப்பதுபோல எக்ஸ், ஒய் குரோமோசோம்கூட உண்டு. பெண் பூவென்றால், மொட்டிலேயே அடியில் குட்டிக்காய் தெரியும்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பச்சைக் காயில் வெள்ளைக் கோடு, பழுத்தால் சிவப்பு: கோவைக்கும் இதேதான், ஐவிரலிக்கும் இதேதான். கோவைக்காய் நீளம், பழுத்ததும் கோடு மறைந்துவிடும். ஐவிரலி கோலிக்குண்டு மாதிரி உருண்டை. சிவந்த பிறகும் வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும். இலை ஐந்து விரலாகப் பிளந்திருக்கும், பற்றுக்கம்பி நுனியில் இரண்டாகப் பிரியும். விதை ஆவுடையாரோடு கூடிய சிவலிங்கம் போலவே இருக்கும். பழம் விஷம். தின்று பார்த்து அடையாளம் காண்கிற வீரம் இங்கே வேண்டாம்.

வீட்டுத் தோட்டத்துக் காயிலும் எச்சரிக்கை வேண்டும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரே போனதுண்டு. குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள்தான் காரணம்.

சளிக்கு அடை தட்டுகிறோமே, சொரசொர இலை முசுமுசுக்கை? அதுவும் வெள்ளரிக் குடும்பம்தான். 1753இல் லின்னேயஸ் அதை வெள்ளரிப் பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் முக்கியா என்று தனியாகப் பிரித்தார்கள். மரபணு ஆய்வு மறுபடி வெள்ளரியிடமே கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் குழப்பமா? கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. தாள்களில் ஒட்டிய உலர்செடிகளோடு ஒப்பிட்டுத்தான் அங்கே பெயர் சொல்வார்கள். வெறும் இலையை நீட்டினால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? பூவும் காயும் பற்றுக்கம்பியும் சேர்ந்த கொம்பாகக் கொண்டுபோங்கள்.