கடல் கடந்த பயணமும் கைப்பணமும்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் வகையை நம்மவர்க்கு எவரும் ஏட்டில் எழுதிக் கற்பிக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த உழைப்பாளரும், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று மாதுங்காவில் அறை பிடித்த இளைஞரும் பட்டறிவால் அதைக் கற்றனர். சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்கு மணியார்டர், அறை வாடகைக்கு ஒரு பங்கு, சாப்பாட்டுக்கு ஒரு பங்கு, எஞ்சியதே கைச்செலவு. மாதுங்கா ரயில் நிலையத்தருகே 1942-ல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி உணவகம் போன்றவை அத்தகையோரின் பசியை அளவான செலவில் ஆற்றின.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் செம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் குடும்பத்தோடு பயணம் செல்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும், பாட்டனார் காத்த அந்தப் பங்கீட்டை மறந்தோமானால், ஒரு வாரக் களிப்புக்காகப் பிள்ளையின் கல்லூரிப் பணம் கரையும். ஆண்டு முழுதும் தவணை கட்டும் துயரும் வந்து சேரும்.

அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலத்தில், எட்டு டாலர் மட்டும் கையில் கொண்டு வெளிநாடு சென்ற மாணவர் உண்டு. 2004-ல் ரிசர்வ் வங்கி வகுத்த திட்டம் ஒருவர் ஓராண்டில் 25,000 டாலர் வரை வெளியே செலுத்த இடமளித்தது. பின்னர் அவ்வரம்பு 2,50,000 டாலராக உயர்ந்தது. அன்று நம் பணப்பையின் வாயைச் சட்டம் கட்டியது. இன்று அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, பணம் மாற்றுமிடத்தில் நேரும் கசிவை அறிதல் வேண்டும். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றுவோர்க்குப் பெரும்பாலும் நல்ல விலை கிடைப்பதில்லை. புறப்படுமுன் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, தள்ளுபடி போகக் கைக்கு வரும் தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. சில வங்கிகள் அயல்நாட்டில் அட்டையைப் பயன்படுத்தினால் நூற்றுக்கு மூன்றரை வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. 50,000 ரூபாய் செலவிட்டால் அது 1,750 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு வரியாக 315 ரூபாய். ஆக 2,065 ரூபாய் ஓசையின்றிப் போய்விடும். ஆதலின், எந்த அட்டைக்கு இக்கட்டணம் குறைவு என்று வங்கியில் முன்னரே கேட்டறிதல் நலம். கடையிலுள்ள கருவி, “ரூபாயில் கணக்கிடவா, உள்ளூர் நாணயத்திலா?” என்று வினவினால் உள்ளூர் நாணயத்தையே தேர்க. ரூபாயில் கணக்கிடுவது வசதிபோல் தோன்றினும் அதற்குரிய விலையும் அதனுள் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, நாட்கூறு. குடும்பம் முழுதுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உள்ளூர் நாணயத்தில் வரையறுத்து, ஒவ்வொரு நாளின் தொகையையும் தனித்தனி உறையில் இடுக. இன்று மிஞ்சியது நாளைக்கு உதவும். நாளைய உறையை இன்று பிரித்தல் ஆகாது.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். ஆங்கே பல உணவகங்கள் உணவுப் பட்டியலில் காட்டும் விலையின்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அக்கூட்டுத்தொகையின்மேல் ஒன்பது விழுக்காடு வரியும் சேர்க்கின்றன. இருபது டாலர் என்று கண்ட உணவு 23 டாலர் 98 காசாக முடியும். உணவங்காடி நிலையங்களிலோ எழுதிய விலையே கொடுக்கும் விலையாயிருப்பது வழக்கம். அவ்வங்காடிப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலொன்றில் சேர்த்தது. ஆதலின் அங்கே உண்பது கௌரவக் குறைவு என எண்ண வேண்டா. சிராங்கூன் சாலையருகே தேக்காவில் நம்மூர் உணவே கிடைக்கும். குழாய்நீர் குடிக்கத் தக்கது. புட்டிநீர்ச் செலவு வேண்டியதில்லை. பேருந்தும் பெருவிரைவு ரயிலும் நகரெங்கும் செல்கின்றன. லோக்கல் ரயிலில் பழகிய நமக்கு அவை எளியனவே.

மூன்றாவது, பரிசுப் பொருள். சுற்றத்தார்க்கு வெறுங்கையோடு திரும்புவதெப்படி என்ற மன உறுத்தலே பல பைகளைக் காலியாக்குகிறது. யாருக்கு, என்ன, எவ்வளவு என வீட்டிலேயே பட்டியலிட்டுச் செல்க. தாதரிலும் கிடைக்கும் பொருளைக் கடல் கடந்து சுமந்து வருவதில் பெருமையில்லை.

நான்காவது, தொடாப் பணம். நோய்க்கும் எதிர்பாராத் தாமதத்துக்குமென ஒரு தொகையை ஒருவரிடமும், அட்டையொன்றை வேறொருவரிடமும் வைத்திடுக. ஒரு பை தொலைந்தாலும் குடும்பம் தெருவில் நில்லாது. வீடு வந்து சேரும் வாடகை வண்டிக்கு ரூபாய் நோட்டும் வேண்டும். ஆனால் இந்தியாவிலிருந்து புறப்படும்போது 25,000 ரூபாய்க்கு மேல் நோட்டாகக் கொண்டு செல்லலாகாது என்பது பொது விதி. திரும்பியபின் மிஞ்சும் அயல்நாட்டு நோட்டில் 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் ஒப்படைத்து மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

இவையெல்லாம் கஞ்சத்தனமாகாவோ எனச் சிலர் கேட்கலாம். செலவு செய்யவே அஞ்சுவது கஞ்சத்தனம். செய்யும் செலவை அறிந்து செய்வது சிக்கனம். வரையறை வகுத்துச் சென்ற தாய், குழந்தை கேட்கும் ஒரு பனிக்கூழை மனமுவந்து வாங்கித் தருவாள். வகுக்காதவளோ அதற்கும் தயங்குவாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. அதைக் கடலுக்கு அப்பாலும் மறவாதிருப்போமாக.