பழைய பங்களாவும் பெண்களின் கணக்கும்

வீட்டை விட்டு வெளியே தங்குவது என்றதும் எமது பெண்கள் பலருக்கு நினைவுக்கு வருவது பாடசாலைக் கட்டடமும் நலன்புரி முகாமும் உறவினர் வீட்டு விறாந்தையும்தான். பணம் கொடுத்து, விரும்பிய இடத்தில், விரும்பிய நாட்களுக்குத் தங்குவது வேறு யாருக்கோ உரிய விடயம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அண்மைக்காலமாக மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "எங்கட வீட்டிலையும் ஒரு அறையை ஆக்களுக்கு விடலாமோ, மிஸ்?"

இக்கேள்விக்குக் காகிதத்தில் பதில் சொல்வதைவிட நேரில் பார்ப்பது நல்லது என்று முடிவு செய்தோம். வன்னியைச் சேர்ந்த ஐந்து பெண்களுடன் மாத்தளை மாவட்டத்தின் பலாபத்வலவுக்குச் சென்று, விருந்தினருக்கு விடப்படும் ஒரு பழைய பங்களாவில் இரண்டு இரவுகள் தங்கினேன். ஐவருமே குடும்பத்தைத் தனித்துச் சுமப்பவர்கள். அவர்களுள் ஒருவர், அறை கட்டுவதற்கான கடன் விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பித் தன் கைப்பையில் கொண்டுவந்திருந்தார்.

பாதையோரத்துக் கிராமம்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதியில், மாத்தளை நகரையும் அலுவிகாரையையும் தாண்டியதும் பலாபத்வல வருகின்றது. மிளகு, கொக்கோ, கராம்பு, சாதிக்காய் என்று வாசனைத் திரவியங்கள் விளையும் பூமி இது. எமது ஊர்களில் வெடிச்சத்தத்துக்கும் சோதனைச் சாவடிக்கும் பெயர்போன அதே வீதி, இங்கே இரு மருங்கும் நிழல் மரங்களுடன் செல்கின்றது.

இவ்வீதிக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது, தமிழகத்துக் கிராமங்களில் இருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை ஊடாக மாத்தளையை அடைந்தனர். கொலராவாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1880 இல்தான். 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. நாம் தங்கிய பங்களாவும் கொக்கோத் தோட்டத்துத் துரை ஒருவருக்காகக் கட்டப்பட்டது என்று சொன்னார்கள்.

தடித்த சுவர்கள், உயர்ந்த ஓட்டுக்கூரை, மூன்று பக்கமும் சுற்றிவரும் விறாந்தை. சமையலறை மட்டும் பிரதான வீட்டிலிருந்து பிரிந்து பின்புறத்தில் இருக்கின்றது. அதையும் தாண்டினால் வேலையாட்களுக்கான, ஜன்னல் சிறுத்த இரண்டு அறைகள். வீட்டின் அமைப்பே யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றது.

பெயர் உள்ளவர்களும் பெயர் இல்லாதவர்களும்

பங்களாவைப் பொறுப்பாக நடத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பெண். உரிமையாளர் கொழும்பில் வசிக்கின்றார். சமையல், சலவை, விருந்தினர் வரவேற்பு எல்லாம் இவர் கையில். நாங்கள் அவரைப் பங்களா அக்கா என்றே அழைத்தோம்.

முன்மண்டபச் சுவரில், இங்கு வாழ்ந்த துரைமாரின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட பலகை ஒன்று தொங்குகின்றது. அதன் கீழே ஒரு பழைய புகைப்படம். நாற்காலிகளில் துரையும் துரைச்சாணியும் விருந்தினரும் இருக்க, ஓரத்தில் வெறுங்காலுடன் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கின்றார். அது தன் தாயின் தாய் என்றார் அக்கா.

"தொரைமார் பேரெல்லாம் போட்டிருக்கு மிஸ். எங்க அம்மாயிக்கு மட்டும் 'ஆயா'தான் பேரு."

எம்முடன் வந்தவர்களில் கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு சகோதரி அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல, பாதுகாப்புத் தேடி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறின. 1983 இல் மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோவிலும் தாக்கப்பட்டது. முன்னோர் தெற்கு நோக்கி நடந்த வழியிலேயே பேரப்பிள்ளைகள் வடக்கு நோக்கி ஓட நேர்ந்தது. ஓடிய இடத்திலும் யுத்தம் காத்திருந்தது.

"அம்மா பிறந்தது மாத்தளைப் பக்கத் தோட்டம் எண்டு மட்டும் தெரியும். எந்தத் தோட்டம் எண்டு நான் கேட்டு வைக்கேல்லை. 2009 இல அவ போயிட்டா" என்றார் அச்சகோதரி.

மறுநாள் காலை தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும் மேசைக்கு வந்தன. ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்த அவர், இது தன் தாயின் கை ருசி என்று சொல்லி அழுதார். தோட்டத்தின் பெயர் தெரியாமற் போயிருக்கலாம். ரொட்டி தட்டும் கை தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. பழைய வீட்டுக்கு விருந்தினர் தேடி வருவதும் இவ்வாறான ருசிக்கும் கதைக்கும்தான். அவற்றைக் காத்து வைத்திருப்பவர்கள் பெண்கள்.

பதினேழு மணித்தியாலம்

அன்று பகல் விறாந்தையில் வட்டமாக இருந்து, பங்களா அக்காவின் ஒரு நாளைக் கணக்கிட்டோம். அதிகாலை 4.30 இற்கு அடுப்பு மூட்டுவதில் தொடங்கி, இரவு 9.30 இற்குப் பாத்திரம் கழுவிக் கதவு பூட்டுவது வரை பதினேழு மணித்தியாலம். இடையில் ஓய்வு உண்டா என்று கேட்டதற்கு, "வெத்தல போடுற நேரந்தான்" என்று சிரித்தார். அவரது செலவுக் கொப்பியில் அரிசி, தேங்காய், காஸ், சவர்க்காரம் எல்லாம் சதக்கணக்கு வரை எழுதப்பட்டிருந்தன. அவரது நேரம் மட்டும் எங்கும் இல்லை.

கடன் படிவம் கொண்டுவந்த சகோதரியும் அப்போது தன் கணக்கை எடுத்தார். அறைக்கு ஒரு இரவு வாடகை 4,000 ரூபா. காலை உணவு, மின்சாரம், சலவைக்கு 1,500 ரூபா. மிச்சம் 2,500. கடன் தவணை மாதம் 18,000 என்பதால், எட்டு இரவுகள் ஆள் வந்தால் தவணை கட்டலாம் என்று அவர் எழுதியிருந்தார்.

"உங்கட கூலி எங்கை தங்கச்சி?" என்று கேட்டார் முல்லைத்தீவிலிருந்து வந்த அக்கா.

வயலுக்குப் போனால் கிடைக்கும் கூலியையாவது போட வேண்டும் என்று எல்லோரும் சொல்ல, நாளொன்றுக்கு 1,500 ரூபா சேர்த்தோம். மிச்சம் 1,000 ஆகக் குறைந்தது. இப்போது தவணை கட்டுவதற்கு மட்டும் பதினெட்டு இரவுகள் ஆள் வர வேண்டும். பெண்ணின் உழைப்பை இலவசமாக எண்ணும்போதுதான் பல சிறு தொழில்கள் இலாபம்போலத் தோன்றுகின்றன. சமூகவியல் வகுப்பில் நான் படித்த "ஊதியமற்ற வீட்டுழைப்பு" என்ற பாடத்தை, ஒரு கொப்பித்தாளில் இவர்கள் எனக்கு விளங்க வைத்தார்கள்.

விருந்தினர் வருகையும் எம் கையில் இல்லை. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப்பயணிகள் வந்தனர். 2019 இன் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும் அடுத்து வந்த கொரோனாவும் சேர்ந்து, 2021 இல் அத்தொகை 2 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. அறை வெறுமையாகக் கிடந்தாலும் தவணை காத்திருக்காது. நுண்கடன் சுமையால் பெண்கள் பட்ட துயரம் எமக்குப் புதிதல்ல. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

அலுவிகாரை தரும் பாடம்

பலாபத்வலவுக்கு முன்பாக உள்ள அலுவிகாரை, பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படுகின்றது. அதே ஊரில் பெண்களின் தொழிலுக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. பத்திக் கலையில் புகழ்பெற்ற ஈனா டி சில்வா (1922–2015), கொழும்பு வாழ்க்கைக்குப் பின் தன் பரம்பரை ஊரான இங்கு திரும்பி, பத்திக், தையல் வேலைப்பாடு, மரவேலை, பித்தளை வேலை என்பவற்றுக்கான பாரம்பரிய நிலையத்தை நடத்தினார். கிராமத்துப் பெண்கள் அங்கு பயின்று சம்பளத்துக்கு வேலை செய்தனர். வீட்டுச் சமையல் விருந்தினருக்குப் பரிமாறப்பட்டது.

அவருக்குக் காணியும் குடும்பப் பெயரும் இருந்தன. எமது பெண்களுக்கு அவை இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு பழைய வீட்டில் பல பெண்களின் கைத்திறனுக்குக் கூலி கொடுக்க முடியும் என்பது எமக்கும் பொருந்தும். தனியே ஓர் அறை கட்டிக் கடனில் விழுவதைவிட, இருக்கும் ஒரு கட்டடத்தைப் பலர் சேர்ந்து நடத்துவது பாதுகாப்பானது.

கவனிக்க வேண்டியவை

ஐவரும் பேசி எடுத்த முடிவுகளைச் சுருக்கமாகத் தருகின்றேன்.

முதலாவது, கடன் எடுக்க முன் உங்கள் கூலியைச் செலவில் எழுதுங்கள். மாதத்தில் பாதி நாட்கள் அறை வெறுமையாக இருக்கும் என்று வைத்தே கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, தனித்து வாழும் பெண்ணின் வீட்டுக்கு அந்நியர் வந்துபோனால் ஊர் கதைக்கும். ஊர் வாய்க்குப் பயந்து தொழிலை விடத் தேவையில்லை. ஆனால் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது. விருந்தினர் அறைக்குத் தனி வாசல், அடையாள அட்டைப் பிரதி, இரவில் துணைக்கு இன்னொரு பெண் ஆகிய மூன்றும் அவசியம். பெண்கள் குழுக்களையும் குடும்பங்களையும் முதலில் ஏற்பது நல்லது.

மூன்றாவது, இத்தொழிலைச் செய்வோர் 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யலாம். நிபந்தனைகளைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறிந்த பின்னரே செலவில் இறங்குங்கள்.

நான்காவது, ஓய்வு. எம்முடன் வந்த ஐவரில் மூவர், பிறர் விரித்த படுக்கையில் படுத்தது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை என்றனர். ஒருவர் முதல் நாள் விடியற்காலையிலேயே எழுந்து முற்றம் கூட்டப் போக, பங்களா அக்கா விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டார். இன்னொருவரின் ஓய்வுக்காக உழைப்பவருக்கும் ஓய்வு நாள் வேண்டும். அதைக் கிழமைக் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

கடன் படிவம் வைத்திருந்த சகோதரி இப்போதைக்கு அறை கட்டவில்லை. பாவனையின்றிக் கிடக்கும் தம் சங்கக் கட்டடத்தைத் திருத்தி, மூவர் சேர்ந்து முதலில் பயணிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துப் பார்க்கப் போகின்றார்கள். தங்கும் அறை பற்றி அடுத்த வருடம் யோசிப்பார்களாம்.

சகோதரிகளே, நீங்கள் எந்தத் தொழிலைத் தொடங்கினாலும் கொப்பியின் முதற் பக்கத்தில் உங்கள் பெயரையும், செலவின் முதல் வரியில் உங்கள் கூலியையும் எழுதுங்கள். உங்கள் தாயும் பாட்டியும் எந்த ஊரில் பிறந்தார்கள், எந்த வழியால் வந்தார்கள் என்பதையும், சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு அதே கொப்பியில் குறித்து வையுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினருக்குச் சொல்வதற்கும், உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் அது உதவும்.