பண்புக்கூற்றிலிருந்து பிராப்பர்ட்டி விவரங்களை அணுகுதல்

சி ஷார்ப் மொழியில் ஆட்ரிபியூட் எனப்படும் பண்புக்கூறு என்பது, வகுப்பு, மெத்தட், பிராப்பர்ட்டி முதலியவற்றின் மேல் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் கூடுதல் குறிப்பு ஆகும். சிஸ்டம்.ஆட்ரிபியூட் வகுப்பிலிருந்து மரபுரிமை பெற்று, நிரலாளர்கள் தமக்கு வேண்டிய பண்புக்கூறுகளை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் அது எந்தப் பிராப்பர்ட்டியின் மேல் எழுதப்பட்டுள்ளது என்பது அந்தப் பண்புக்கூற்றுக்குத் தெரியாது.

நிரல் தொகுக்கப்படும்போது பண்புக்கூற்றின் பெயரும் அதற்குத் தரப்பட்ட மாறிலிகளும் மெட்டாடேட்டாவில் பதிவாகின்றன, அவ்வளவுதான். பின்னர் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக யாராவது கேட்கும்போதுதான் அதன் ஆப்ஜெக்ட் உருவாகிறது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பெட்டியை எடுப்பவர் படிக்கலாம். சீட்டு பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. மேலும் குறிப்பு வகுப்புக்கு உரியது, மதிப்போ ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தனித்தனி. ஆகவே மதிப்பைப் பண்புக்கூறு தானாகத் தேடிப் பிடிக்க வழியில்லை.

பெயர் மட்டும் போதுமெனில் தீர்வு எளிது. 2012இல் வெளிவந்த சி ஷார்ப் 5 பதிப்பின் காலர்மெம்பர்நேம் குறிப்பைக் கன்ஸ்ட்ரக்டரின் விருப்ப அளபுருவுக்கு இட்டால், பிராப்பர்ட்டியின் பெயரைத் தொகுப்பியே நிரப்பிவிடும். தரவு வகையோ மதிப்போ இவ்வழியில் கிடைக்காது.

அவை தேவையெனில், பண்புக்கூற்றைப் படிக்கும் நிரலே பிராப்பர்ட்டிஇன்ஃபோவையும் உரிய ஆப்ஜெக்ட்டையும் அதன் மெத்தட் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். டாட் நெட்டின் சரிபார்ப்புப் பண்புக்கூறுகள் இவ்வாறே இயங்குகின்றன. விடுப்பு விண்ணப்பம் ஒன்றில் முடிவுநாள் தொடக்கநாளுக்கு முந்தியதாக இருக்கக்கூடாது என்று கொள்வோம். முடிவுநாளின் மேல் உள்ள பண்புக்கூற்றின் இஸ்வேலிட் மெத்தடுக்கு, அந்நாளின் மதிப்புடன் வேலிடேஷன்கான்டெக்ஸ்ட்டும் வந்து சேர்கிறது. அதிலுள்ள ஆப்ஜெக்ட்இன்ஸ்டன்ஸ் முழு விண்ணப்பத்தையும் தருவதால், தொடக்கநாளை ரிஃப்ளெக்‌ஷன் மூலம் எடுத்து ஒப்பிடலாம். "தொடக்கநாள்" என்ற பெயரை வெறும் சரமாகத் தருவது ஆபத்து: நாளை ஒருவர் பிராப்பர்ட்டியின் பெயரை மாற்றினால் நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, இயங்கும்போது தவறும். நேம்ஆஃப் பயன்படுத்தினால் தொகுப்பியே பிழையைக் காட்டிவிடும்.

இவ்வாறு பெற்ற மதிப்பைப் பண்புக்கூற்றின் புலத்தில் சேமித்து வைப்பது பரவலான தவறு. சரிபார்ப்புச் சட்டகம் ஒரே பண்புக்கூற்று ஆப்ஜெக்ட்டைத் தேக்கிவைத்துப் பல கோரிக்கைகளுக்கும் பயன்படுத்துவதால், ஒருவரின் விடுப்பு நாள் மற்றொருவரின் விண்ணப்பத்தோடு ஒப்பிடப்படக்கூடும். சோதனையில் ஒருவர் மட்டும் இயக்கிப் பார்க்கும்போது இப்பிழை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை.