வேப்பமரத்தடி மெட்டடோர் மறுபடியும் வெல்லம் ஏற்றுது!

பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கம் கரும்பு போட்டு ஆலை ஓட்டுகிற குடும்பங்களுக்கு வண்டி வாடகை ஒரு பெரிய செலவு. வெல்ல மூட்டையை பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் கையில் நிற்க வேண்டிய காசு கரைந்துவிடும். அதனால்தான் அப்பா அந்தக் காலத்தில் ஒரு டெம்போ மெட்டடோர் வேன் வாங்கினார். வாங்கும்போதே அது செகண்ட் ஹேண்ட். இருபது வருஷம் உழைத்துவிட்டு, ஒருநாள் ஏற்றத்தில் புகையைக் கக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. கோழி அடைய இடம் கிடைத்ததுதான் மிச்சம்.

‘காயலான் கடைக்குப் போட்டுரலாமுங்களா அப்பா?’ என்று கேட்டபோதெல்லாம், ‘அது உன்னைய என்னடா கண்ணு பண்ணுச்சு’ என்பார். போன வருஷம் வாடகைக் கணக்கை எழுதிப் பார்த்த பிறகு எனக்கும் வேறு யோசனை வந்தது.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புனேயில் இருந்த பஜாஜ் டெம்போ கம்பெனி, ஜெர்மன் டெம்போ வண்டியின் வழியில் 1969-லிருந்து செய்து விற்றது மெட்டடோர். அந்தக் கம்பெனிதான் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் பின்னால் தளம் தாழ்வாக இருக்கும். மூட்டை ஏற்ற இடுப்பு ஒடியாது. பிற்காலத்து வண்டிகளில் மெர்சிடிஸ் வழியில் வந்த நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதே குடும்பத்து இன்ஜின் ட்ராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் ஓடியது. எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு விஷயம்தான்.

நான் முதலில் செய்ய நினைத்தது பெயின்ட். தூரத்துச் சொந்தமான டிங்கர் ஒருவர் வந்து பார்த்தார். பாடியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘ஆர்.சி. புத்தகத்தை எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை’ என்றார். வண்டியில் அடித்திருக்கிற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். துரு மூடியிருந்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுத்து அழிந்தால் வண்டியே போச்சு. மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒரு ராத்திரி ஒட்டி வைத்து, காலையில் மெதுவாகத் துடைத்தோம். கடைசி இரண்டு எழுத்து தெரிகிற வரைக்கும் யாரும் டீ குடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்தது இன்ஜின். ‘நாலு பக்கமும் லாரி பாடி கட்டுகிற ஊரு நாமக்கல், அங்க கிடைக்காத சாமானா’ என்று போனேன். லாரிக்குக் கேட்டால் கையைக் காட்டுகிறார்கள், மெட்டடோருக்குக் கேட்டால் சிரிக்கிறார்கள். ஒருவர் முழு இன்ஜினே தருவதாகச் சொன்னார், விலையும் மலிவு. பில் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். திரும்பி வந்துவிட்டேன். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது வாங்கினவன்தான். பில்லோடு வாங்கினாலும் புது நம்பரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

அதனால் பழைய இன்ஜினையே இறக்கி லேத் பட்டறையில் போர் பண்ணி, பிஸ்டன், ரிங் புதுசு போட்டோம். ஹெட்டில் பழைய ட்ராக்ஸ் ஒன்றின் சாமான் பொருந்தியது. டீசல் பம்பையும் நாசிலையும் மட்டும் வீட்டில் தொடவே இல்லை. அதற்கென்று இருக்கிற பம்ப் கடையில் கொடுத்தோம். ஒரு கதவு, ஆஸ்பத்திரி வேனாக ஓடி முடிந்த இன்னொரு மெட்டடோரிலிருந்து வந்தது. உள்பக்கம் சிவப்புச் சிலுவை இன்னும் லேசாகத் தெரிகிறது.

தளம்தான் ரொம்ப மோசம். வெல்லப் பாகு ஒழுகி, ஈரம் கோத்து, தகடு அப்பளமாக நொறுங்கியது. துருவுக்கு மேல் பட்டி பூசி மறைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் மோசடி. நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்தோம். வெல்டிங்குக்கு முன் டீசல் டேங்கைக் கழற்றித் தூர வைத்தோம். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி தீப்பிடித்தால் வெடிக்கும். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுங்கள். பழைய பிரேக் லைனிங் தூசியை காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மொத்தம் 1,60,000 ரூபாய் ஆனது. இதில் வரி பாக்கியும் சேர்த்தி. வண்டியை நிறுத்தியபோதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்காமல் விட்டது எங்கள் தப்பு.

பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: ‘இது வின்டேஜ் வண்டிதானுங்க? சலுகை உண்டுங்களா?’ இல்லைங்க. 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத, வாடகைக்கு ஓட்டாத இருசக்கர, நான்குசக்கர வண்டிதான் வின்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வெல்ல மூட்டை ஏற்றினால் அது வின்டேஜ் ஆகாது.

எங்களுடையது சாதாரண சரக்கு வண்டி. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வருஷம் தாண்டியவற்றுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றுக்கும் என்ன ஆகும் என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. ஆர்.சி. தொலைந்து, நம்பரும் அழிந்த வண்டி என்றால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிவிடுவது நல்லது.

எஃப்.சி.க்குப் போன முதல் தடவை ஹெட்லைட்டும் கைப்பிரேக்கும் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை பாஸ். மறுநாள் 25 மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பினோம். அப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். ‘இது பழைய சத்தம் இல்லையேடா’ என்றார். ஹாரன் மட்டும் புதுசு வாங்கியது. பழையது எங்கேயாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.