கை மாறிய கடைகள் – 9: காபிக் கடைக்குள் வந்த சோடா கம்பெனி

கோஸ்டா என்பது ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியின் பார்மாவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த செர்ஜியோ, புரூனோ என்ற சகோதரர்கள் 1971-ல் அங்கே காபிக்கொட்டை வறுத்து மொத்தமாக விற்க ஆரம்பித்தார்கள். 112 விதமாகக் கலந்து ருசி பார்த்த பிறகே தங்கள் கலவையை முடிவு செய்தார்கள் என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. பிறகுதான் சொந்தக் கடை.

1995-ல் விட்பிரெட் அதை வாங்கியது. 1742-ல் பிறந்த பீர் கம்பெனி அது. கொடுத்த விலை 1.9 கோடி பவுண்டு, கிடைத்த கடைகள் சுமார் 40. ஐந்தே வருடத்தில் விட்பிரெட் தன் பீர் ஆலைகளையே விற்றுவிட்டது! விழுங்க வந்தவர் வேறு ஆளாக மாறிப்போன இப்படியொரு கதையை இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்க்கவில்லை. கடைகள் ஏறக்குறைய 4,000 ஆயின.

2018-ல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் விட்பிரெட்டின் பங்குகளை வாங்கிக்கொண்டு, கோஸ்டாவைத் தனியே பிரிக்கும்படி நெருக்கியது. அந்த ஆகஸ்டில் கோகோ கோலா 390 கோடி பவுண்டுக்குக் கேட்டது. பேரம் படிந்தது. 2019 ஜனவரியில் கடைகள் கை மாறின.

கோகோ கோலாவுக்குக் காபி புதிதல்ல. ஜப்பானில் 1975 முதலே ஜார்ஜியா என்ற பெயரில் டின் காபி விற்கிறது. அதற்கு வேண்டியிருந்தது உலகெங்கும் செல்லும் ஒரு காபிப் பெயர். கூடவே பெட்ரோல் பங்குகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் நிற்கும் கோஸ்டாவின் 8,000-க்கும் மேற்பட்ட தானியங்கி இயந்திரங்கள். கடைகளை அது உண்மையாக விரும்பியது என்று எனக்குத் தோன்றவில்லை.

விரும்பாததற்குக் காரணமும் உண்டு. கோகோ கோலாவின் முதன்மைத் தொழில் பானச் சாறு தயாரித்து பாட்டில் நிரப்புவோரிடம் விற்பது. ஆலையும் லாரியும் பெரும்பாலும் அவர்கள் பாடு. காபிக் கடையில் எல்லாமே சொந்தப் பாடு. கடைத்தெரு வாடகை, காலையில் வரவேண்டிய பால், திடீரென்று லீவு போடும் பையன், மழை நாளில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகள். ஒவ்வொரு கோப்பையையும் ஒரு மனிதர் நின்று போட்டுத் தரவேண்டும். ஒரு வருடம் சென்றதும் கொரோனா வந்து கதவுகளைச் சாத்தியது.

முதலீடு எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று கோகோ கோலாவின் தலைவர் ஜேம்ஸ் குவின்சி 2025-ல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

எனக்கு அதைவிட வலித்தது 2020 செப்டம்பரில் வந்த அறிவிப்பு. 1,650 பேர் வரை வேலை இழக்கக்கூடும் என்றார்கள். கடைகளில் உதவி மேலாளர் என்ற பதவியையே எடுத்துவிடுவது திட்டம். எந்த வாடிக்கையாளருக்குச் சர்க்கரை ஆகாது, யார் ஜன்னலோரம் உட்காருவார் என்று கேட்டால், தலைமை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த உதவி மேலாளருக்குத் தெரியும்.